அச்சிட்ட அலுமினியம் உலையில் கெட்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லேசரால் தூளை உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்ட அலுமினியப் பாகம் உலைக்குள் நல்லபடியாகப் போகிறது. வெளியே வரும்போது மென்மையாகிவிட்டிருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது, அல்லது கொப்புளம் போட்டிருக்கிறது. உடனே எல்லோரும் உலையைத் திட்டுகிறார்கள். சில சமயம் அது நியாயமான திட்டுதான். பெரும்பாலும் தவறு வேறிடத்தில் இருக்கிறது: வார்ப்படத்துக்கென்று எழுதிய செய்முறையை எடுத்து அச்சிட்ட பாகத்துக்கு அப்படியே போட்டிருப்பார்கள்.

இங்கே நான் முக்கியமாகப் பேசுவது ஏஎல்எஸ்ஐ10எம்ஜி கலவையைப் பற்றி. சுமார் 10 சதவீதம் சிலிக்கன், அரை சதவீதத்துக்கும் குறைவான மக்னீசியம், மீதி அலுமினியம். அச்சுக்கூடங்களில் ஓடும் அலுமினியத் தூளில் பெரும்பங்கு இதுதான். இனி இதைச் சிலிக்கன் கலவை என்றே சொல்கிறேன்.

வார்ப்படத்தில் இதே கலவை மெதுவாக உறைகிறது. லேசர் அச்சில் உருகிய குட்டை விநாடிக்கு லட்சம் முதல் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்கிறது. அதனால் அரை மைக்ரோமீட்டர் அளவுள்ள அலுமினிய அறைகளும், அவற்றைச் சுற்றி மெல்லிய சிலிக்கன் வலையும் உருவாகின்றன. அறைகளுக்குள் சிலிக்கனும் மக்னீசியமும் அளவுக்கு மீறிக் கரைந்தபடியே சிக்கிக்கொள்கின்றன. அதாவது கலவைச் சேர்க்கைகளைச் சூட்டில் உலோகத்துக்குள் கரைத்து (கரைசலாக்கம்) வேகமாகக் குளிர்விக்கும் வேலையில் பெரும்பகுதியை அச்சு இயந்திரமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

எதையும் மாற்றுவதற்கு முன்

உலை அமைப்பைத் தொடாதீர்கள். முதலில் நான்கு விவரங்களைத் திரட்டுங்கள். பாகத்தோடு சேர்த்து அச்சிட்டு, சேர்த்தே பதப்படுத்திய சோதனைத் துண்டின் விக்கர்ஸ் கடினத்தன்மை. சுழிமின்னோட்டக் கருவியில் மின்கடத்துதிறன். நீரில் எடைபோட்டுப் பார்த்த அடர்த்தி, பதப்படுத்தலுக்கு முன்னும் பின்னும். கடைசியாக, பாகத்தையே தொட்டுக்கொண்டிருந்த தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் பதிவு. உலைச் சுவரில் இருப்பதன் பதிவு போதாது.

கடினத்தன்மையை அச்சிட்ட சொரசொரப்பான பரப்பின் மேல் அளக்க வேண்டாம். வெட்டி, தேய்த்து, மெருகேற்றிய பரப்பில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. சிலிக்கன் கலவைக்கு ஏறத்தாழ இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: அச்சிட்டபடியே 120 முதல் 135 விக்கர்ஸ், 160 டிகிரியில் நேரடியாக முதிர்வித்தால் (மிதமான சூட்டில் வைத்து வலுவூட்டும் துகள்களை உருவாக்கினால்) அதைவிடச் சற்று மேலே, 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் தகைவு (அச்சின்போது உள்ளே தேங்கிய விசை) நீக்கினால் 90-ஐ ஒட்டி, முழுமையான டி6 (கரைசலாக்கம், குளிர்விப்பு, முதிர்விப்பு மூன்றும்) செய்தால் 100 முதல் 120 வரை. இயந்திரத்துக்கு இயந்திரம் இவை நகரும். உங்கள் இயந்திரத்துக்கான எண்களை நீங்களே எடுத்துவைத்திருப்பது நல்லது.

ஐந்தாவதாக ஒரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. துண்டை மெருகேற்றி, கெல்லர் கரைசல் என்ற அமிலக் கலவையில் சில விநாடிகள் அரித்து, நுண்ணோக்கியில் பாருங்கள். அச்சிட்ட உலோகத்தில் உருகுகுட்டைகளின் ஓரங்கள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். 300 டிகிரித் தகைவு நீக்கத்துக்குப் பிறகும் செதில்கள் தெரியும்; அவற்றுக்குள் இருந்த வலை மட்டும் துண்டுதுண்டாகியிருக்கும். 520 டிகிரியைத் தாண்டிய கரைசலாக்கத்துக்குப் பிறகு செதில்கள் மறைந்து, வெளிர் நிலத்தில் சாம்பல் நிறச் சிலிக்கன் உருண்டைகள் மட்டும் சிதறிக் கிடக்கும். உலைப் பதிவேடு என்ன சொன்னாலும் சரி, டி6 முடிந்ததாகச் சொல்லும் துண்டில் செதில் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துண்டு கரைசலாக்க வெப்பநிலையைப் பார்க்கவே இல்லை.

அறிகுறி: தகைவு நீக்கத்துக்குப் பின் வலிமை சரிந்துவிட்டது

அச்சிட்டபோது இழுவிசை வலிமை 400 மெகாபாஸ்கலுக்கு மேல் இருந்தது, இப்போது 300-ஐக்கூடத் தொடவில்லை என்று பதறுகிறவர்கள் அதிகம். இதில் பெரும்பாலும் பிழையே இல்லை. 300 டிகிரி, இரண்டு மணி நேரம் என்ற வழக்கமான செய்முறை தகைவை ஏறக்குறைய முழுதாக நீக்குகிறது. கூடவே சிலிக்கன் வலையை உடைத்து, கரைந்திருந்த சிலிக்கனை வெளியே தள்ளுகிறது. வலிமை தந்த இரண்டுமே போய்விடுகின்றன. பதிலுக்கு நீளும் தன்மை கூடுகிறது. வெப்பக் கடத்துதிறனும் நன்றாக ஏறுகிறது. வெப்பப் பரிமாற்றிக்கு இந்த நிலையே விரும்பத்தக்கது. சுமை தாங்கும் தாங்கிக்கு அல்ல.

தரவுத்தாளில் இருந்த வலிமை எந்த நிலைக்கானது என்று முதலில் பாருங்கள். அச்சிட்ட நிலையின் எண்ணை வரைபடத்தில் எழுதி, செய்முறைக் கட்டத்தில் 300 டிகிரி என்று போட்டிருந்தால் தவறு வரைபடத்தில் இருக்கிறது. அதை உலையில் திருத்த முடியாது.

வலிமையும் வேண்டும், தகைவும் இறங்க வேண்டும் என்றால் 240 முதல் 260 டிகிரிக்குள் முயலுங்கள். தகைவில் பெரும்பகுதி போகும். வலை முழுதாக உடையாது. 160 டிகிரியில் முதிர்வித்தால் வலிமை அப்படியே இருக்கும், ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை) உயரவும் செய்யும். ஆனால் தகைவு ஓரளவுதான் இறங்கும், நீளும் தன்மையும் குறையும். மூன்றையும் ஒரே உலையேற்றத்தில் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் சோதனைத் துண்டைக் கேளுங்கள்.

இதில் தவறவிடக்கூடாத ஒன்று: உடைந்த வலை திரும்பி வராது. அந்த நுண்ணிய அமைப்பு லேசர் குட்டையில் மட்டுமே பிறக்கிறது. மென்மையாகிவிட்ட பாகத்தை டி6 கொண்டு ஓரளவு தூக்கலாம். அச்சிட்ட நிலைக்குக் கொண்டுபோக வழியில்லை.

அறிகுறி: டி6 முடித்தும் கடினத்தன்மை 60, 70-லேயே நிற்கிறது

இது உண்மையான பிழை. டி6 என்பது மூன்று படிகள்: 520 முதல் 540 டிகிரியில் கரைசலாக்கம், உடனடியாகத் தண்ணீரில் குளிர்விப்பு, பிறகு 160 முதல் 170 டிகிரியில் சில மணி நேர முதிர்விப்பு. எந்தப் படி சறுக்கியது என்பதைக் கண்டுபிடிக்கக் கடினத்தன்மையையும் கடத்துதிறனையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டும் குறைவாக இருந்தால், கரைந்த மக்னீசியமும் சிலிக்கனும் இன்னும் கரைந்தே கிடக்கின்றன. முதிர்விப்பு நடக்கவில்லை, அல்லது போதவில்லை. இது நல்ல செய்தி. ஒரு துண்டை 165 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்துப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் பாகங்களையும் அப்படியே திரும்ப முதிர்வித்து அனுப்பிவிடலாம்.

கடினத்தன்மை குறைந்து கடத்துதிறன் உயர்ந்திருந்தால், கரைந்திருக்க வேண்டியவை முரட்டுத் துகள்களாக வெளியே வந்துவிட்டன. முதிர்விப்பு வெப்பநிலை எகிறியிருக்கலாம், அல்லது குளிர்விப்பு மந்தமாக இருந்திருக்கலாம். முதிர்விப்பின் பதிவு ஒழுங்காக இருந்தால் குளிர்விப்பைச் சந்தேகியுங்கள்.

அச்சிட்ட பாகங்களில் குளிர்விப்பு தவறுவதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு: மெல்லிய சுவர். உலைக் கதவு திறந்து கூடை தண்ணீருக்குள் இறங்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் ஒரு மி.மீ. சுவர் கணிசமாகக் குளிர்ந்துவிடும். தகடு, கம்பி போன்றவற்றுக்காக எழுதப்பட்ட விமானத்துறை விதியில், 0.4 மி.மீ.-க்கும் மெல்லியவற்றுக்கு 5 விநாடியும், 2.3 மி.மீ.-க்கும் தடிமனானவற்றுக்கு 15 விநாடியும்தான் அனுமதி. பின்னல் அமைப்பு கொண்ட பாகத்துக்கு அதன் மிக மெல்லிய கம்பியை வைத்தே கணக்குப் போடுங்கள். கதவு திறக்கும் கணத்திலிருந்து கடைசி மூலை நீரில் மூழ்கும் கணம்வரை கடிகாரம் ஓட வேண்டும். கைப்பேசியில் காணொளி எடுத்துப் பாருங்கள். நாம் நினைக்கும் நேரமும் காணொளி காட்டும் நேரமும் ஒத்துப்போவது அபூர்வம்.

பாகங்களைக் கூடையில் நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பவற்றைச் சுற்றி நீராவி சூழ்ந்துகொள்ளும். வெளி வரிசை கடினமாகவும் நடு வரிசை மென்மையாகவும் வந்தால் இதுதான் காரணம். பாகத்தை அச்சிட்ட அடித்தட்டோடு சேர்த்துக் கரைசலாக்கம் செய்யவே வேண்டாம். தட்டின் பருமன் சூடேறவும் விடாது, வேகமாகக் குளிரவும் விடாது.

கரைசலாக்கம், குளிர்விப்பு, முதிர்விப்பு மூன்றும் சரி, செதில்களும் மறைந்துவிட்டன, இருந்தும் கடினத்தன்மை ஏறவில்லையா? வேதியியலைப் பாருங்கள். மக்னீசியம் லேசர் வெப்பத்தில் ஆவியாகக்கூடியது. தூளில் குறைந்தபட்ச அளவே இருந்திருந்தால், அச்சுக்குப் பிறகு வலுவூட்டும் துகள்கள் உருவாகப் போதிய மக்னீசியம் மிஞ்சாது. தூளின் சான்றிதழ் இதற்கு உதவாது. அச்சிட்ட துண்டையே பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும்.

திரும்ப டி6 செய்யலாமா? செய்யலாம், ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சிலிக்கன் உருண்டைகள் பருக்கும், நுண்துளைகளும் வளரும்.

அறிகுறி: பரப்பில் கொப்புளம், அல்லது அடர்த்தி இறங்கியது

அச்சிட்டபோது 99.8 சதவீதம் அடர்த்தி. டி6-க்குப் பிறகு 99-க்குக் கீழே. வெட்டிப் பார்த்தால் உருண்டையான துளைகள். இவை புதிதாக முளைத்தவை அல்ல. ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தவற்றுக்குள் வாயு அழுத்தத்தோடு காத்திருந்தது. 520 டிகிரியில் உலோகம் இளகியதும் ஊதிவிட்டது. பரப்பை ஒட்டி இருந்தவை தோலைத் தூக்கிக் கொப்புளமாக வெளியே தெரிகின்றன.

வாயு இரண்டு வகை. பெரிய உருண்டைகளில் இருப்பது பெரும்பாலும் அச்சறையின் ஆர்கான். லேசர் ஆற்றல் மிகுந்து குட்டை ஆழமாகக் குடையும்போது அடியில் அடைபடுகிறது. சிறிய, எங்கும் பரவிய உருண்டைகள் ஹைட்ரஜனால் வருபவை. உறையும் கணத்தில் அலுமினியத்தின் ஹைட்ரஜன் கொள்ளளவு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், மிச்சம் துளையாகிறது. அந்த ஹைட்ரஜன் தூளின் ஈரத்திலிருந்து வந்தது. துளைகள் உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக, உள்ளே உருகாத தூளோடு இருந்தால் அது இணைவுக் குறை. அதற்கும் உலைக்கும் சம்பந்தமில்லை.

பிரித்தறிய எளிய வழி: பதப்படுத்தாத துண்டு ஒன்றை 530 டிகிரியில் ஒரு மணி நேரம் தனியே வைத்து, நன்கு உலர்ந்த உலையில் சூடேற்றுங்கள். அதிலும் துளை வளர்ந்தால் குற்றம் தூளிலோ லேசர் அமைப்பிலோ இருக்கிறது. வளரவில்லை என்றால் உற்பத்தி உலைக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. சூடான அலுமினியம் நீராவியைச் சந்தித்தால் ஆக்சிஜனைத் தான் எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை உள்ளே வாங்கிக்கொள்ளும். அச்சிட்ட பரப்பு சொரசொரப்பானது, உள்வழிகள் குறுகலானவை. கழுவிய பாகம் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே உலைக்குப் போவது மிகச் சாதாரணம். கரைசலாக்கத்துக்கு முன் 100 டிகிரிக்குச் சற்று மேலே நிறுத்தி உலர்த்துங்கள்.

தூள்தான் காரணம் என்றால் இனி அச்சிடுவதற்கு முன் வெற்றிடத்தில் உலர்த்தி, மூடிய கலனில் வையுங்கள். கையிலிருக்கும் பாகங்களுக்கு அது உதவாது. அவற்றுக்கு டி6-ஐக் கைவிட்டு 160 டிகிரி நேரடி முதிர்விப்புக்கு மாறுங்கள். அந்த வெப்பநிலையில் துளை வளராது, வலிமையும் டி6-ஐவிட மேலாகவே இருக்கும். டி6-தான் உயர்ந்தது என்ற வார்ப்படக் காலத்து நம்பிக்கை இந்த இடத்தில் பணத்தையும் பாகத்தையும் சேர்த்தே தின்கிறது.

உயரழுத்த வாயுவில் அமுக்கித் துளைகளை மூடிவிடலாம் என்பார்கள். மூடலாம், ஆனால் வாயு எங்கும் போய்விடவில்லை. பிறகு சாதாரண உலையில் டி6 செய்தால் அதே துளைகள் மறுபடி திறக்கும். அழுத்தத்திலிருக்கும்போதே கரைசலாக்கி, அங்கேயே வேகமாகக் குளிர்விக்கும் வசதியுள்ள இயந்திரம் கிடைத்தால் அந்த வழியில் போங்கள். பரப்போடு இணைந்த துளைகளை மட்டும் எந்த அழுத்தமும் மூடாது.

கொப்புளத்தோடு வேறொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பரப்பில் வியர்வை போன்ற சிறு முத்துகள், மழுங்கிய ஓரங்கள், நுண்ணோக்கியில் உருகி உறைந்த கருத்த கோடுகள் இருந்தால் அது பகுதி உருகல். அலுமினியம், சிலிக்கன், மக்னீசியம் மூன்றும் சேர்ந்த கூட்டு ஏறத்தாழ 555 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். 540-இல் அமைத்து, உலை 15 டிகிரி எகிறினால் எல்லையைத் தொட்டாயிற்று. அந்தப் பாகம் கழிவுதான். அடுத்த முறை 525-இல் அமையுங்கள்.

அறிகுறி: பாகம் வளைந்துவிட்டது

எப்போது வளைந்தது என்பதுதான் கேள்வி. அடித்தட்டிலிருந்து அறுக்கும்போதே துள்ளி எழுந்திருந்தால் தகைவு நீக்காமல் அறுத்திருக்கிறார்கள், அல்லது நீக்கம் போதவில்லை. தகைவு நீக்கம் எப்போதும் பாகம் தட்டில் இருக்கும்போதே நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது தட்டும் பாகமும் வெப்பநிலையை எட்டிய பிறகு எண்ண வேண்டிய நேரம். கனத்த தட்டு அங்கே போய்ச் சேரவே நேரமெடுக்கும். ஐயம் இருந்தால் சீப்பு வடிவத்தில் சிறு நெடுங்கை ஒன்றைப் பாகத்தின் பக்கத்தில் அச்சிட்டு, சேர்த்தே சூடேற்றி, அதன் கால்களை மட்டும் அறுத்து முனை எவ்வளவு எழுகிறது என்று அளந்து பாருங்கள். எழாவிட்டால் பாகத்தை நிம்மதியாக அறுக்கலாம்.

தட்டிலிருந்து நேராக வந்து, டி6-க்குப் பிறகு வளைந்திருந்தால் இரண்டு வாய்ப்புகள். நீண்ட, தாங்கலில்லாத பகுதி தன் எடையாலேயே கீழ்நோக்கி தொய்ந்திருந்தால், 520 டிகிரியில் பாகம் படுத்திருந்த விதம் தவறு, தாங்கல் கொடுங்கள். கண்டபடி முறுக்கியிருந்தால் குளிர்விப்பு காரணம். தண்ணீரை 60 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்குவதோ, பாலிமர் கரைசலுக்கு மாறுவதோ வளைவைக் குறைக்கும். தடித்த பகுதிகளில் கடினத்தன்மை கொஞ்சம் குறையும். பாகத்தைச் செங்குத்தாக இறக்குங்கள், தட்டையாகப் போடாதீர்கள். வளைந்ததை நிமிர்த்த ஏற்ற நேரம் குளிர்விப்புக்கும் முதிர்விப்புக்கும் இடைப்பட்ட மணித்துளிகள்; அப்போது உலோகம் இணங்கும்.

அறிகுறி: ஒரே பாகத்தில் மேலே கடினம், கீழே மென்மை

உலைக்குள் வெப்பம் சீராக இல்லை என்று தோன்றும். அச்சிட்டபடியே இருந்த துண்டிலும் இதே வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். அடித்தட்டைச் சூடாக வைத்து நீண்ட நேரம் அச்சிட்டால், குறிப்பாக 200 டிகிரியை ஒட்டி, முதலில் அச்சான கீழ்ப்பகுதி மணிக்கணக்காக அந்த வெப்பத்தில் இருந்து மிகையாக முதிர்ந்துவிடும். மேல்பகுதிக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

இதற்கு 160 டிகிரி முதிர்விப்பு மருந்தல்ல. மேற்பகுதி இன்னும் கடினமாகும், கீழ்ப்பகுதி அப்படியே இருக்கும், இடைவெளி கூடும். சமப்படுத்த வேண்டுமானால் 300 டிகிரித் தகைவு நீக்கத்தால் முழுவதையும் மென்மையாக்குங்கள், அல்லது டி6 செய்யுங்கள்.

அறிகுறி: நீளம் கூடிவிட்டது

கரைந்திருந்த சிலிக்கன் வெளியே வரும்போது உலோகம் நிரந்தரமாகச் சற்றே பெருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும் தாங்குருளைத் துளைக்கு அது பெரிது. இறுதிக் கடைசல் பதப்படுத்தலுக்குப் பிறகுதான். முதிர்விக்காத பாகத்தைச் சூடான இயந்திரத்தில் பொருத்தினால் அங்கேயே மெதுவாக வளரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: உள்வழி அடைத்துக்கொண்டது

உள்ளே தங்கிய தூள் உலையில் கெட்டிப்பட்டுவிட்டது. பிறகு அதிர்வுக்கும் அசையாது, காற்றுக்கும் அசையாது. தகைவு நீக்கத்துக்கு முன், தட்டில் இருக்கும்போதே தூளை முழுதாக வெளியேற்றுங்கள். எடையைக் கணினி மாதிரியின் எடையோடு ஒப்பிட்டால் மிச்சம் தெரிந்துவிடும். இது அடைப்புப் பிரச்சினை மட்டுமல்ல. நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் வெடிக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜனை விடும். தூள் தங்கியிருக்கக்கூடிய பாகத்தை நைட்ரேட் உப்புக் குளியலில் ஒருபோதும் இறக்காதீர்கள்.

அறிகுறி: ஸ்காண்டியம் கலவை வலுவிழந்தது

மக்னீசியம், ஸ்காண்டியம், சிர்கோனியம் கலந்த ஸ்கால்மலாய் வகைத் தூளுக்கு டி6 கிடையாது. 325 டிகிரியில் நான்கு மணி நேரம், அவ்வளவுதான்; கரைசலாக்கமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அந்த ஒரே படியில் தகைவும் இறங்கும், ஸ்காண்டியம் துகள்களும் உருவாகி வலிமை ஏறும். பழக்கதோஷத்தில் 500 டிகிரிக்கு மேல் ஏற்றினால் துகள்கள் பருத்துப் பயனற்றுப் போகும். மீட்க வழியில்லை. உலைக்கூடத்தில் இரண்டு கலவைகளும் ஒரே சாம்பல் நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்குமானால், கூடைக்குக் கூடை அடையாளச் சீட்டு கட்டாயம்.

அறிகுறி: விரிசல்

6061, 7075 போன்ற கலவைகளைச் சேர்க்கை ஏதுமின்றி அச்சிட்டால் உறையும்போதே விரிசல் விழும். உலையில் அது தெரியவரலாம், உலை அதை உண்டாக்கியிருக்காது, குணப்படுத்தவும் செய்யாது. சிலிக்கன் கலவையில் குளிர்விப்புக்குப் பின் விரிசல் கண்டால் கூர்மையான உள்மூலைகளையும், தடிப்பு திடீரென மாறும் இடங்களையும் பாருங்கள்.

அறிகுறி: நிறம் கருத்தது

மக்னீசியம் பரப்புக்கு வந்து ஆக்சைடாவதால் கரைசலாக்கத்துக்குப் பின் மங்கலான சாம்பல் நிறம் இயல்பு. நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசினால் போய்விடும். திட்டுத்திட்டாகக் கருமை இருந்தால் கழுவிய திரவத்தின் மிச்சம். ஆனோடைஸ் (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றுதல்) செய்தபின் கருத்திருந்தால் அது சிலிக்கனின் வேலை. பளிச்சென்ற வெள்ளி நிறம் இந்தக் கலவையில் வராது என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.